மேஷ் 60, கொதி 60: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது?

வீட்டில் பீர் காய்ச்சும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியவை. டப்பாவில் வரும் மால்ட் சாற்றைக் கரைக்காமல், முழு மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து (இதுதான் மேஷ்), வடித்து, வடித்த சாற்றை (இதுதான் வோர்ட்) கொதிக்கவைத்து என்று ஆல்-கிரெய்ன் முறையில் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு விடுமுறை நாள் முழுக்க அதிலேயே போய்விடுகிறது. அந்த நாளில் எந்த நேரத்தைச் சுருக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதைத்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எந்த ரெசிபியை எடுத்தாலும் மேஷ் 60 நிமிடம், கொதி 60 நிமிடம் என்றே இருக்கிறது. மேஷை 30 நிமிடத்தில் முடித்தால் என்ன கெட்டுப்போகும்?

பதில்: 60 என்பது பாதுகாப்புக்காகப் போட்ட எண். அரவை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், வெப்பம் ஒரு டிகிரி தவறினாலும், ஒரு மணி நேரத்தில் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறார்கள். ரெசிபி எழுதுகிறவருக்கு உங்கள் மால்ட்டும் தெரியாது, உங்கள் பானையும் தெரியாது, அதனால் அதில் தப்பு சொல்ல முடியாது.

மேஷுக்குள் நடப்பது இதுதான். பார்லியின் மாவுச்சத்து ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் இளகுகிறது, இளகிய பிறகுதான் என்சைம்கள் அதை ஒழுங்காக வெட்ட முடியும். வெட்டுகிறவை முக்கியமாக இரண்டு. ஆல்பா அமைலேஸ் நீளச் சங்கிலியை நடுவில் கண்ட இடத்தில் வெட்டிப் போடும், அதற்கு 70 டிகிரிப் பக்கம் பிடிக்கும். பீட்டா அமைலேஸ் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணியாக நறுக்கி மால்டோஸ் ஆக்கும், அது 60 முதல் 65-க்குள் நன்றாக வேலை செய்யும், 68-ஐத் தாண்டினால் சீக்கிரமே செத்துப்போகும். ஈஸ்ட் சாப்பிடுவதில் பெரும்பங்கு மால்டோஸ்தான். வெட்டுப்படாமல் மிஞ்சுகிற பெரிய துண்டுகளான டெக்ஸ்ட்ரின்களை ஈஸ்ட் தொடாது, அவை பீரிலேயே தங்கிக் கனம் கொடுக்கும். (1833-இல் பாயென், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் மால்ட்டிலிருந்து பிரித்தெடுத்த டயஸ்டேஸ்தான் முதலில் கண்டறியப்பட்ட என்சைம். பீர் காய்ச்சுகிறவர்கள் இதில் தாராளமாகப் பெருமைப்படலாம்.)

சரி, 30 நிமிடத்துக்கு வருவோம். இப்போது கிடைக்கும் பேல் மால்ட், பில்ஸ்னர் மால்ட் எல்லாம் முளைகட்டும் கட்டத்திலேயே நன்றாகப் பக்குவப்படுத்தப்பட்டவை. அரவை சரியாக இருந்து, 66, 67 டிகிரியில் பிடித்தால் 20, 30 நிமிடத்தில் மாவுச்சத்து தீர்ந்துவிடுவது சாதாரணம். அதனால் 30 நிமிட மேஷில் பீர் வராமல் போகாது. ஆனால் 60 நிமிடத்தில் வந்திருக்கக்கூடிய அதே பீர் வருமா என்று கேட்டால், வராமல் போகலாம். அடுத்த கேள்வியே அதைப் பற்றியதுதான்.

கேள்வி: 68 டிகிரியில் மேஷ் போட்டேன். 20 நிமிடத்தில் அயோடின் சோதனை தேறிவிட்டது, உடனே வடித்துவிட்டேன். கிராவிட்டி (தண்ணீரை 1 என்று வைத்த அடர்த்தி, சர்க்கரை கூடினால் கூடும்) 1.050-இல் தொடங்கிய பீர் 1.018-இல் நின்றுவிட்டது, குடித்தால் இனிப்பும் கனமுமாக இருக்கிறது. ஈஸ்ட் சரியில்லையா?

பதில்: ஈஸ்ட் மேல் பழி போடுவதற்கு முன் அயோடின் உங்களுக்கு எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று பாருங்கள். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு வோர்ட் விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு அயோடினை வைத்து இரண்டையும் சேர்க்கிறோம். நீலம் கலந்த கறுப்பு வந்தால் மாவுச்சத்து இன்னும் இருக்கிறது. சிவப்போ ஊதாவோ தட்டினால் பெரிய டெக்ஸ்ட்ரின்கள் இருக்கின்றன. அயோடினின் மஞ்சள் பழுப்பு அப்படியே நின்றால் மாவுச்சத்து தீர்ந்துவிட்டது. (உமித்துணுக்கு ஒன்று விழுந்தாலும் கறுக்கும், தெளிந்த சாற்றை மட்டும் எடுங்கள்.) ஆக, மாவுச்சத்து உடைந்துவிட்டது என்பதோடு அயோடின் நிறுத்திக்கொள்கிறது. உடைந்த துண்டுகளில் எத்தனை பங்கு ஈஸ்ட் சாப்பிடக்கூடியது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

அந்தப் பங்கு அயோடின் தேறிய பிறகும் ஏறிக்கொண்டே போகும். ஆல்பா வெட்டிப்போட்ட ஒவ்வொரு துண்டும் பீட்டாவுக்குப் புதிதாக ஒரு நுனி, அது உயிரோடு இருக்கும்வரை நறுக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் 68-இல் வைத்தபோதே பீட்டாவின் ஆயுளைக் குறைத்துவிட்டீர்கள், அதற்குப் பிறகு 20 நிமிடத்தில் வடித்து மிச்ச நேரத்தையும் எடுத்துவிட்டீர்கள். கனமான பீர் வேண்டும் என்று நினைத்துச் செய்திருந்தால் இது நல்ல வேலை. ஆனால் 1.010-இல் முடிய வேண்டிய பீர் 1.018-இல் நின்றால் ஆல்கஹால் ஏறக்குறைய 5.25 சதவீதத்திலிருந்து 4.2-க்கு இறங்கிவிடும், வாயிலும் வேறு பீராகத்தான் இருக்கும்.

ஈஸ்ட்டா, வோர்ட்டா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. அடுத்த முறை, ஆறிய வோர்ட்டில் ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து, அதில் தேவைக்கும் மிக அதிகமாக ஈஸ்ட் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து அடிக்கடி குலுக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் அது எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் அந்த வோர்ட் போகக்கூடிய கடைசி எல்லை. டம்ளரும் 1.018, பெரிய பாத்திரமும் 1.018 என்றால் மேஷ்தான் காரணம். டம்ளர் 1.010-க்குப் போய், பெரிய பாத்திரம் 1.018-இல் நின்றால் அப்போது ஈஸ்ட்டைப் பற்றிப் பேசலாம்.

வெப்பமும் நேரமும் மேஷில் தனித்தனி விஷயங்கள் இல்லை. வறண்ட, லேசான பீர் வேண்டுமென்றால் 64, 65 டிகிரியில் 75 முதல் 90 நிமிடம் கொடுங்கள். வெப்பம் குறைவு என்பதால் வேலையும் மெதுவாகத்தான் நடக்கும், அந்த வெப்பத்தில் 30 நிமிடத்தில் நிறுத்துவதுதான் எனக்கு உண்மையாகவே தவறாகப் படுகிறது. 67-இல் நடுத்தரம், 60 நிமிடம் போதும். கனமாக வேண்டுமென்றால் 69, 40 அல்லது 45 நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும், அங்கே இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் பீட்டா செத்துவிட்டதால் பெரிய மாற்றம் வராது.

கேள்வி: 90 நிமிடம் மேஷ் போட்டும் கிராவிட்டி எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வருகிறது. இரண்டு மணி நேரம் வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம். வடித்த பிறகு மிஞ்சும் சக்கையில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிரித்துப் பாருங்கள். முழு மணிகள் இருக்கின்றனவா? ஒன்றைக் கடித்தால் உள்ளே வெள்ளையாக, சுண்ணாம்பு போல மாவு இருக்கிறதா? இருந்தால் பிரச்சினை அரவையில், நேரத்தில் இல்லை. நல்ல அரவையில் உமி ஓரளவு முழுசாகவும் உள்ளிருக்கும் பருப்பு மூன்று நான்கு துண்டாகவும் இருக்கும். மணி பெரிதாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகவே நேரம் பிடிக்கும், அந்த ஒரு காரணத்துக்காக நீண்ட மேஷ் கொஞ்சம் உதவும், ஆனால் அது மில்லைச் சரிசெய்யாமல் பொழுதை விரயமாக்குவதுதான்.

அரவை சரியென்றால் அடுத்து பிஎச் பாருங்கள். அறை வெப்பத்துக்கு ஆறிய சாற்றில் 5.2 முதல் 5.6-க்குள் இருக்க வேண்டும். வெளிர்நிற மால்ட்டும் காரத்தன்மை கூடிய தண்ணீரும் சேர்ந்தால் அதற்கு மேலே போய்விடும். அப்புறம் கிளறல்: மால்ட்டைக் கொட்டியதும் உருண்டை கட்டாமல் நன்றாகக் கலக்கி, நடுவில் ஒரு முறை கிளறிவிட்டாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: இரவு மேஷ் போட்டு மூடிவிட்டு, காலையில் வடிக்கலாமா? வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி.

பதில்: செய்யலாம். பலர் செய்கிறார்கள். இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு செய்யுங்கள். முதலாவது, பீர் வறண்டுதான் வரும், இருக்கிற என்சைம் எல்லாம் ராத்திரி முழுக்க நறுக்கிக்கொண்டிருக்கும், அதனால் கனமான ஸ்டவுட்டுக்கு இது பொருந்தாது. இரண்டாவது, வெப்பம். மால்ட் மணியின் மேலேயே லாக்டோபேசிலஸ் பாக்டீரியா இருக்கிறது. 60-க்கு மேலே அது தலைதூக்காது, 50-க்குக் கீழே இறங்கிவிட்டால் புளிக்க ஆரம்பிக்கும். காலையில் மூடியைத் திறந்தால் தயிர்ப் புளிப்பு வாசனை வருகிறதென்றால் நடந்துவிட்டது என்று அர்த்தம். பாத்திரத்தைப் போர்வையால் நன்றாகச் சுற்றி, காலையிலும் 55-க்கு மேல் நிற்கும்படி பார்த்துக்கொள்ள முடிந்தால் தைரியமாகச் செய்யுங்கள். முதலில் வெறும் வெந்நீரை ஊற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்தால் உங்கள் பாத்திரத்தின் லட்சணம் தெரிந்துவிடும். வெந்நீருக்கு நிற்கிற பாத்திரம் மேஷுக்கும் நிற்கும்.

கேள்வி: பில்ஸ்னர் மால்ட் என்றால் 90 நிமிடம் கொதிக்கவிட வேண்டும் என்கிறார்கள், பேல் மால்ட்டுக்கு 60 போதும் என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?

பதில்: டிஎம்எஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டைமெத்தில் சல்ஃபைடுதான் காரணம். வேகவைத்த மக்காச்சோளத்தின் வாசனை அது. முளைவிட்ட பார்லியில் எஸ்எம்எம் என்ற பொருள் உண்டாகிறது, சூடுபட்டால் அது டிஎம்எஸ்ஸாக மாறும். மால்ட்டை உலர்த்தும்போது வெப்பம் கூடினால் எஸ்எம்எம் அங்கேயே அழிந்துவிடும். பேல் மால்ட்டை அதிக வெப்பத்தில் உலர்த்துகிறார்கள், அதில் மிச்சம் குறைவு. பில்ஸ்னர் மால்ட்டை நிறம் ஏறாமல் மென்மையாக உலர்த்துவதால் நிறையத் தங்கிவிடுகிறது.

கொதியில் இரண்டு வேலை சேர்ந்து நடக்கிறது. ஒன்று, எஸ்எம்எம் டிஎம்எஸ்ஸாக மாறுவது. இன்னொன்று, அந்த டிஎம்எஸ் ஆவியோடு வெளியேறுவது. இரண்டாவது சுலபம், அதன் கொதிநிலையே 37 டிகிரிதான், திறந்த பானையில் நிற்காது. முதலாவதுக்குத்தான் நேரம் பிடிக்கும். முழுக் கொதியில் ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒரு முறை எஸ்எம்எம் பாதியாகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: 30 நிமிடத்தில் 60 சதவீதம் மிச்சம், 60 நிமிடத்தில் 35, 90 நிமிடத்தில் 21. மிச்சம் இருப்பது, அடுப்பை அணைத்த பிறகு வோர்ட் சூடாக இருக்கும்வரை தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் இப்போது கொதி இல்லாததால் வெளியே போக வழியில்லை. அதனால்தான் வேகமாக ஆறவைப்பதும் இந்தக் கணக்கில் சேர்கிறது. 60 நிமிடம் கொதிக்கவிட்டு பத்து, பதினைந்து நிமிடத்தில் ஆறவைக்கிறவருக்கு டிஎம்எஸ் தெரியாமல் போகலாம், 90 நிமிடம் கொதிக்கவிட்டு மூடி போட்டுச் சும்மா ஆறவிடுகிறவருக்குத் தெரியலாம்.

என் கருத்து: மால்ட் முழுக்கப் பில்ஸ்னர் என்றால் 90 கொடுத்துவிடுங்கள். லேசான லாகரில் இந்த வாசனையை மறைக்க வேறு எதுவும் இல்லை. பேல் மால்ட்டில் 60 தாராளம்.

கேள்வி: அப்படியானால் பேல் மால்ட்டுக்கு 30 நிமிடக் கொதி போதுமா? பாதி எரிவாயு மிச்சமாகும்.

பதில்: போதும், ஆனால் மற்ற இரண்டு எண்ணையும் கூடவே மாற்ற வேண்டும்: ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ), தண்ணீர்.

முதலில் ஹாப்ஸ். ஹாப்ஸில் இருக்கும் ஆல்பா அமிலம் அப்படியே கரையாது, கொதியில் உருமாறித்தான் கசப்பாகக் கரையும், அதற்கு நேரம் வேண்டும். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அதிகம் பயன்படுத்தும் டின்ஸெத் சூத்திரத்தின்படி 1.050 வோர்ட்டில் 15 நிமிடத்தில் 11.4 சதவீதம், 30 நிமிடத்தில் 17.7, 60 நிமிடத்தில் 23.1, 90 நிமிடத்தில் 24.7 சதவீதம் கசப்பாகிறது. முதல் அரை மணியில் முக்கால் பங்கு வேலை முடிந்துவிடுகிறது, கடைசி அரை மணி கிட்டத்தட்ட ஒன்றும் தருவதில்லை. ஆகவே 60 நிமிட ரெசிபியை 30 ஆக்கினால், கசப்புக்குப் போடும் ஹாப்ஸை 30 சதவீதம் கூட்டுங்கள், 20 கிராம் என்றால் 26 கிராம். வாசனைக்காகக் கடைசி ஐந்து பத்து நிமிடத்தில் போடுவதைத் தொட வேண்டாம், அந்த எண்ணெய்கள் எப்படியும் ஆவியாகப் பறக்கக்கூடியவை, அவற்றுக்கு மொத்தக் கொதிநேரம் பற்றிக் கவலை இல்லை.

அடுத்து தண்ணீர், இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பானையில் 26 லிட்டர், கிராவிட்டி 1.044 என்று வையுங்கள். உங்கள் அடுப்பில் ஒரு மணிக்கு 3.5 லிட்டர் ஆவியாகிறது. சர்க்கரை பறக்காது, தண்ணீர்தான் பறக்கும், எனவே 1.044-இன் கடைசி இரண்டு இலக்கமான 44-ஐ 26-ஆல் பெருக்கி வரும் 1144-ஐ மிஞ்சிய லிட்டரால் வகுத்தால் போதும். 30 நிமிடத்தில் 24.25 லிட்டர், 1.047. 60 நிமிடத்தில் 22.5 லிட்டர், 1.051. 90 நிமிடத்தில் 20.75 லிட்டர், 1.055. ஒரே மால்ட், ஒரே மேஷ், கொதிநேரம் மட்டும் மாறினால் மூன்று வேறு பீர். ஆகவே கொதியைச் சுருக்கும்போது தொடக்கத்திலேயே அந்த அளவு தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். தண்ணீரைக் குறைத்தால் சக்கையை அலசும் தண்ணீரும் குறைந்து கொஞ்சம் சர்க்கரை அதிலேயே தங்கும், அதற்கு ஒரு பிடி மால்ட் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

உங்கள் பானையில் எவ்வளவு ஆவியாகிறது என்று தெரியவில்லையா? ஒரு மரக்கரண்டியின் காம்பில் லிட்டருக்கு ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டு, கொதி தொடங்கும்போதும் முடியும்போதும் அளந்து எழுதுங்கள். அகலமான பானையில் அதிகமாக ஆவியாகும், குறுகியதில் குறையும், மற்றவர்களுடைய எண் உங்களுக்கு உதவாது.

ஒரு வேண்டுகோள். மேஷ் நேரத்தையும் கொதி நேரத்தையும் ஒரே தடவையில் மாற்றாதீர்கள். பீர் தண்ணியாக வந்தால் அது மேஷ் அதிகம் நறுக்கியதாலா, கொதி குறைவாகி வோர்ட் நீர்த்துப்போனதாலா என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றை மாற்றி, ஆரம்ப எண்ணையும் முடிவு எண்ணையும் எழுதிவைத்து, அடுத்த தடவை மற்றதைத் தொடுங்கள்.

கேள்வி: கொதிக்கும்போது மூடி போடலாமா? எரிவாயு மிச்சமாகும் அல்லவா?

பதில்: கொதி வரும்வரை போடுங்கள். வந்த பிறகு எடுத்துவிடுங்கள். மூடியில் படிந்து திரும்பச் சொட்டும் நீரில் டிஎம்எஸ்ஸும் திரும்பி வரும், பொங்கி வழியும் ஆபத்து வேறு. கொதியின் முதல் பத்து நிமிடம் பக்கத்தைவிட்டு நகராதீர்கள். புரதம் திரண்டு மேலே நுரைகட்டுகிற நேரம் அது, பிறகு முட்டைப்பொரியல் துணுக்குகள் மாதிரி பிரிந்து மிதக்கத் தொடங்கும், அதைப் பார்த்துவிட்டால் பீர் தெளியும் என்று நம்பலாம். தளதளவென்று புரண்டு கொதித்தால் போதும், அனலை உச்சத்தில் வைத்து அடித்துக் கொதிக்கவிட்டால் நிறம் ஏறும், தண்ணீர் வீணாகும், வேறு லாபம் இல்லை.

கேள்வி: கொதிக்கவே விடாமல் பீர் செய்ய முடியாதா?

பதில்: முடியும். பின்லாந்தின் சாஹ்தியும் நார்வேயின் சில பண்ணைவீட்டு ஏல்களும் வோர்ட்டைக் கொதிக்கவிடாமலே செய்யப்பட்டு வந்தவை. கொதியில்லாததால் புரதம் பீரிலேயே தங்கும், கலங்கலாக, கனமாக, தானியச் சுவையோடு இருக்கும், சீக்கிரம் குடித்துத் தீர்க்க வேண்டும். கிருமியைக் கொல்ல 75 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சில நிமிடம் வைப்பது நல்லது. ஹாப்ஸ் கசப்பு வேண்டுமானால் அதைத் தனியாகச் சிறிது தண்ணீரில் கொதிக்கவைத்துச் சேர்க்கலாம்.

கேள்வி: உயரமான மலைப்பகுதியில் இருக்கிறேன், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. நேரங்களை மாற்ற வேண்டுமா?

பதில்: மேஷை மாற்ற வேண்டாம், 66 டிகிரி எங்கேயும் 66 டிகிரிதான். கொதியைக் கவனியுங்கள். வெப்பம் குறைவதால் ஹாப்ஸ் கசப்பாக மாறுவதும் மெதுவாகும், எஸ்எம்எம் அழிவதும் மெதுவாகும். பில்ஸ்னர் மால்ட்டுக்கு 90-ஐ 120 ஆக்கி, ஆவியாகும் கூடுதல் தண்ணீரை முன்னாலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கசப்புக்கு ஹாப்ஸைக் கூட்டுங்கள், எவ்வளவு என்பதை உங்கள் நாக்கை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும், முதல் தடவை ஐந்தில் ஒரு பங்கு அதிகம் போட்டுப் பாருங்கள்.